சிமொனியும் நம்ம ஊர் தலைமைத் துபாஷும்

சிமொனி! பேரைக் கேட்டா இத்தாலிக்காரன் பலகாரம் மாதிரி இருக்குல்ல? அர்த்தம் வேற. பிஷப், மடத்தலைவர் மாதிரி திருச்சபைப் பதவிகளைக் காசுக்கு விக்கிறதும் வாங்கறதும்தான் சிமொனி.

சொல் வந்தது பைபிள்ல இருந்து. திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரம். சமாரியாவில் சீமோன்னு ஒரு மாயவித்தைக்காரர். பேதுருவும் யோவானும் தலையில் கை வெச்சதும் ஜனங்க தூய ஆவியைப் பெறுவதைப் பார்த்தார். அந்த சக்தி எனக்கும் வேணும்னு பணத்தை நீட்டினார். பேதுரு திட்டித் தீர்த்துட்டார். பாவம், மனுஷன் எதையும் விக்கவும் இல்லை, வாங்கவும் முடியலை. பேர் மட்டும் அவர் தலையில!

451-ல் கால்சிடன் சங்கம் இதைத் தடை செய்தது. ஆனாலும் 1045-ல் ஒன்பதாம் பெனடிக்ட் காசு வாங்கிக்கிட்டு போப் பதவியையே ஆறாம் கிரகோரிக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த வருஷமே கிரகோரிக்கும் பதவி போச்சு. 1983-ஆம் வருஷத்து கத்தோலிக்கச் சட்டத்தின்படி, இப்படி வாங்கின நியமனம் செல்லவே செல்லாது.

இப்ப புதுச்சேரிக்கு வருவோம். இங்கே கதை அப்படியே தலைகீழ். அங்கே காசைக் கொடுத்து சாமி பதவி. இங்கே சாமியை மாத்தினா காசு பதவி.

1708-லிருந்து பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ் நைனியப்பப் பிள்ளை. நெசவாளர், வியாபாரி, பணம் எல்லாம் அவர் கையில். இந்துவான அவர் அந்த இடத்தில் இருப்பது ஜேசுயிட் பாதிரிமாருக்குப் பொறுக்கலை; ஒரு கிறிஸ்தவர்தான் வேணும்னு விடாமல் வற்புறுத்தினாங்க. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கடைத்தெருவில் 50 கசையடி, 3 வருஷச் சிறை, சொத்து பறிமுதல். பதவி ஒரு கிறிஸ்தவருக்குப் போச்சு. 1717-ல் பிள்ளை சிறையிலேயே இறந்துட்டார்.

மகன் குருவப்பா விடலை. பாரிஸ் வரைக்கும் போய் நியாயம் கேட்டார். அப்பா மேல் இருந்த தீர்ப்பும் ரத்தாச்சு. அங்கேயே ஞானஸ்நானமும் வாங்கினார். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? பிரான்சையே அப்ப ஆண்டுக்கிட்டிருந்த ஓர்லியான் கோமகன்! செவாலியே பட்டத்தோட ஊர் திரும்பி, அப்பா இருந்த அதே பதவியில் உட்கார்ந்தார்.

இதுவும் சிமொனிதானா? சட்டப்படி இல்லை, துபாஷ் வேலை திருச்சபைப் பதவி கிடையாது. ஆனா கைமாறின சரக்கு ஞானஸ்நானம். அதை விலையாக் கேட்டவங்களுக்கு என்ன பேர் வைக்கிறது? குருவப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. சிறையில் செத்த அப்பாவோட பேரை மீட்க அவர் கையில வேற என்ன இருந்தது?

1724-ல் அவரும் போய்ட்டார். அப்புறம் கிறிஸ்தவரான கனகராய முதலியார், 1746-ல் சாகும் வரை. அடுத்தும் கிறிஸ்தவரே வேணும்னு முட்டி மோதினாங்க. வந்தது நைனியப்பரின் உறவினர், நாட்குறிப்புப் புகழ் ஆனந்தரங்கப் பிள்ளை. கடைசி வரை இந்துவாவே இருந்தார்.