துரைக்குப் புரியாத பாராட்டு



2017ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த ஒன்று நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். இண்டிகோ விமானத்தில் சென்ற பயணி ஒருவர் கொல்கத்தாவில் இறங்கினார். அவருடைய பெட்டிகளோ ஐதராபாத்துக்குப் போய்விட்டன. நொந்துபோன அவர், ஒரே நேரத்தில் ஆளை ஓர் ஊருக்கும் பெட்டிகளை வேறோர் ஊருக்கும் அனுப்பிவைத்த அருஞ்சேவைக்கு நன்றி என்று டுவிட்டரில் எழுதினார். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பதில் வந்தது! படித்துச் சிரித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புகழ்வது போலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்பர் நம் இலக்கண நூலார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இதற்கு எங்களுக்குக் காட்டப்பட்ட சான்று புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூடிப் பளபளப்பதைப் பாராட்டுகிறார். தம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பவன் போர்க்களம் அறிந்தவன். வேல் ஏன் பளபளக்கிறது என்று அவனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால், ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரப் பால்மரக் காடுகளை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கு யார் விளக்குவது?

அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1919இல் தோன்றிய தோட்ட அதிகாரிகளின் கழகம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. கற்ற தமிழ்தான் வேறு. இலங்கைத் தோட்டங்களில் சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான பழைய கையேடு ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொன்றுக்குப் பெயர் ‘கூலித் தமிழ்’. (மு. நித்தியானந்தன் இதே தலைப்பில் 2014இல் வெளியிட்ட நூலைத் தோட்டத்து வரலாற்றில் ஆர்வமுள்ளோர் அவசியம் தேடிப் படிக்கவேண்டும்.) வா, போ, வெட்டு, தூக்கு என்று ஏவுவதற்காகக் கற்ற மொழி அது, எதிரில் நிற்பவரின் பேச்சைக் கேட்பதற்காகக் கற்றதன்று.

இனி என் பாட்டியின் கதை. ஐம்பதுகளில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு மழைக்காலத்தில் லயத்துக் கூரை சல்லடையாகிவிட்டது. பார்வையிட வந்த துரையிடம் பாட்டி கைகூப்பி, “தொரை புண்ணியத்துல குளிக்க ஆத்துக்குப் போற வேலையில்லீங்க, மழையே வீட்டுக்குள்ள வந்து குளிப்பாட்டுது” என்றாராம். புண்ணியம் என்ற சொல் துரையின் காதில் விழுந்திருக்கவேண்டும். “நல்லது, நல்லது” என்று தலையசைத்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டார். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடன் வந்த கிராணிக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆனால் அவர் வாய்திறக்கவில்லை. விளக்கியிருந்தால் கூரை சீராகியிருக்கலாம். பாட்டிக்கு வேலை போயிருக்கவும் கூடும். அவர் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

எல்லாக் காலத்திலும் நம்மவர் இப்படி மறைபொருளாகவே பேசியவர்கள் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். அதில் அணி எதுவுமில்லை. துரைமாருக்கு அது நன்றாகவே புரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

பாட்டியின் கூரை அந்த ஆண்டு முழுவதும் ஒழுகியது. அதன்பின் எங்கள் லயத்தில், எந்த வீட்டில் மழைநீர் சொட்டினாலும் ஒழுகுகிறது என்று சொல்லமாட்டார்களாம். “தொரை நல்லது சொல்லிட்டாரு, பானையக் கொண்டா” என்பார்களாம்.