ஹாக்கிப் பந்தயமும் நட்புப் பணயமும்

தமிழில் ‘பந்தயம்’ என்னும் சொல் இரு பொருள் தரும். களத்தில் நடைபெறும் போட்டியும் பந்தயம். அதன் முடிவைக் குறித்துப் பார்ப்போர் தமக்குள் வைத்துக்கொள்ளும் பணயமும் பந்தயம். ஆட்டம் எங்கே உண்டோ அங்கே அதன் முடிவை முன்னறிந்து கூறும் ஆசையும் உண்டு என்பதற்கு இச்சொல்லே சான்று. அவ்வாசையின் வரலாற்றை ஹாக்கி ஆட்டத்தையும் வடசென்னையையும் கொண்டு சிறிது ஆராய்வோம்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. ரயில்வேயைச் சார்ந்து ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல குடியேறின. பட்டாளத்தார் கொணர்ந்த ஹாக்கியை இந்தியாவில் தம் சொந்த ஆட்டமாகவே ஏற்றவர்கள் அம்மக்கள். 1928-ஆம் ஆண்டு ஒலிம்பிக் குழுவில் அவர்கள் பலர் இடம் பெற்றிருந்தனர். சென்னை கிரிக்கெட் கிளப்பின் ஹாக்கிப் போட்டி 1901-இல் தொடங்கியது. பின்னர்ப் பெரம்பூரில் 1955-இல் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தனக்கென ஒரு குழுவை வளர்த்தது. ஆகவே துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த வட்டாரத்துக்கு இவ்வாட்டம் அயலானதன்று.

இனி, முடிவைக் கணித்தல் என்பதைப் பார்ப்போம். ஐயம் இல்லாத இடத்தில் பணயத்துக்கு வேலையில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 29 கோல்கள் போட்டது. எதிரணிகள் ஒரு கோலும் போடவில்லை. 1932-இல் அமெரிக்காவை 24-1 என்றும், 1936-இல் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்றும் வென்றது. அந்நாளில் ‘யார் வெல்வார்?’ என்று கேட்பதில் பொருளில்லை, ‘எத்தனை கோல்?’ என்பதே கேட்கத்தக்க கேள்வி. 1956-இல் மெல்போர்னில் நிலைமை மாறியது. பாகிஸ்தானை இந்தியா ஒரே ஒரு கோலால்தான் வென்றது. நான்கு ஆண்டு கழித்து 1960-இல் ரோமில் அதே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் பெற்ற நாடு வெள்ளியோடு திரும்பியது. பழைய வெற்றிகளை மட்டும் எண்ணிப் பார்த்துக் கணித்தவர் எல்லோரும் அன்று பிழைபட்டனர். முன்னர் நடந்ததை அறிவது வேறு, இனி நடப்பதை அறிவது வேறு என்ற பாடத்தை ரோம் நகரம் நமக்குக் கற்பித்தது.

எட்டுக் குழுக்கள் மோதும் வெளியேற்றுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் 7 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரு முடிவுகள் என்றால் மொத்த வழிகள் 128. பதினாறு குழுக்கள் ஆனால் ஆட்டங்கள் 15, வழிகளோ 32,768. வட அமெரிக்காவின் பனிக்கட்டி ஹாக்கியில் 16 குழுக்கள் இவ்வாறுதான் ஸ்டான்லி கோப்பைக்கு மோதுகின்றன; அங்கே நண்பர்கள் கூடி முழு அட்டவணையையும் முன்னரே எழுதி வைத்துப் பார்ப்பது பெருவழக்கு. எட்டுக் குழுக்களுக்குரிய எளிய முறையில் கால் இறுதிக் கணிப்புக்கு 1, அரையிறுதிக்கு 2, இறுதிக்கு 4 என மதிப்பெண் வைப்பர். அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 4 மதிப்பெண்ணே கிடைக்கும். முதற் சுற்றில் தவறியவரும் பின்னர் முந்தலாம். நட்பு முறியாதிருக்க இந்த நியாயம் உதவுகிறது.

இத்தகைய கூட்டுப் பணயத்துக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. போட்டியாளர்களை ஏலமிட்டு, சேர்ந்த தொகையைப் பங்கிடும் முறைக்கு மேனாட்டில் ‘கல்கத்தா’ என்றே பெயர். கல்கத்தாக் குதிரைப் பந்தயக் கழகத்தை ஒட்டி வந்த பெயர் அது. இங்கிலாந்திலோ 1923-இல் தோன்றிய லிட்டில்வுட்ஸ் நிறுவனம் கால்பந்துக் கணிப்பைப் பெரும் வணிகமாக்கியது. நண்பர் நால்வர் விளையாடியது ஒரு தொழிலாயிற்று. இங்கேதான் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி பணய உடன்படிக்கை செல்லாது. தோற்றவர் கொடுக்க மறுத்தால் நீதிமன்றம் வசூலித்துத் தராது. சூதாட்ட விடுதி நடத்துவோரை 1888-ஆம் ஆண்டுச் சென்னை நகரப் போலீஸ் சட்டமும், நகருக்கு வெளியே 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் தண்டிக்க வந்தன. ராயபுரம் நகருக்குள் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் அந்நாளில் நகருக்கு அப்பால் இருந்தன. ஆயினும் நோக்கம் ஒன்றே: உழைத்த கூலி வீடு போய்ச் சேர வேண்டும் என்பது.

ஆலைத் தொழிலாளர் நடத்தும் சீட்டை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் அனைவரும் பணம் போடுகின்றனர்; முறை வந்தவர் எடுக்கிறார்; இறுதியில் ஒருவர்க்கும் முதல் அழிவதில்லை. கூட்டுப் பணயமும் அதைப் போலவே நம்பிக்கையால் நிற்பது. ஆனால் அதில் ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததே. ஆகையால் பணயம் ஒரு குவளைத் தேநீர் அளவில் நிற்கும்வரை அது விளையாட்டு. கூலியை எட்டிய நாள் அது சூது. தமிழ்நாடு அரசின் பரிசுச் சீட்டு 1968-இல் தொடங்கிற்று. ஏழைக் குடும்பங்கள் பட்ட துயரைக் கண்டு 2003-இல் பரிசுச் சீட்டு விற்பனையே தடுக்கப்பட்டது. கைப்பேசியில் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அங்கே எதிரில் அமர்ந்திருப்பவர் நண்பர் அல்லர். முகமற்ற ஒரு வணிகம். ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்று தோளைத் தொட்டு நிறுத்துவார் ஒருவரும் அங்கில்லை. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்ததன் காரணமும் இதனால் விளங்கும்.

அப்படியாயின் கணித்தலே கூடாதோ? அவ்வாறன்று. 2023 ஆகஸ்டு 12-இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசியச் சாம்பியன் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. பாதி ஆட்டத்தில் மலேசியா 3-1 என முந்தியிருந்தது. முடிவில் இந்தியா 4-3 என வென்றது. முன்கூட்டி ஒரு முடிவை எழுதிக் கையில் வைத்திருந்தவர் அவ்வாட்டத்தை மற்றவரினும் கூர்ந்து நோக்கியிருப்பர். தம் கணிப்பு ஏன் பலித்தது, ஏன் பொய்த்தது என்று சிந்தித்திருப்பர். அந்தச் சிந்தனையே ஆதாயம்.

மாணவ நண்பர்களே! ஆட்டங்களைக் கணியுங்கள், கணக்கிட்டுக் கணியுங்கள், கணித்ததைத் தாளில் எழுதி வையுங்கள். தோற்றால் நகைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இழந்தபின் வீட்டில் சொல்ல அஞ்ச வேண்டிய பொருளை ஒருநாளும் பணயமாக வையாதீர்கள்.