தாம்பரத்தில் மனை வாங்குமுன்

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபோது தாம்பரத்தைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும்தான். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். மேற்குப் பக்கத்தில் மிஞ்சியது அடையாற்றில் சேரும். பாசனம் நின்றதும் வயல்கள் மனைகளாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. நிலத்தின் சரிவு மட்டும் மாறவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே வீடு வாங்குபவர் சதுர அடி விலைக்கு முன்பு பார்க்க வேண்டியது பழைய கிராம வரைபடத்தை.

அனுமதி பெற்ற மனை என்றால் போதாதா என்பார்கள். அந்த வெள்ளத்தில் அனுமதி பெற்ற மனைகளும்தான் மூழ்கின. இப்படிப் பார்த்தால் புறநகரில் வாங்க இடமே இருக்காதே என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆனால் இடம் இருக்கும். குடியிருக்க மேட்டையும் நெல்லுக்குப் பள்ளத்தையும் ஒதுக்கியது பழைய வழக்கம். நத்தம் (குடியிருப்பு), புன்செய் (ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம்), நன்செய் (பாசன வயல்) என்று வருவாய்ப் பதிவேடுகளில் அந்தப் பிரிவினை இன்னும் தெரிகிறது. புன்செய் மனைக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். நன்செய் மனையில் மிச்சமாகும் பணம் மண் கொட்டி அடித்தளத்தை உயர்த்துவதிலேயே கரையும். அப்படி உயர்த்தினாலும் தெரு பள்ளத்திலேயேதான் கிடக்கும்.