பெயரில்லாமல் பிறந்த கவி

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். முன்பெல்லாம் வேளாண்மை விதைத்தால் ஆண்கள் வயலிலேயே தங்கிவிடுவார்கள். யானையும் பன்றியும் இறங்காமல் இரவெல்லாம் பரணில் காவல். கண் அயராதிருக்க ஒருவன் பாட்டெடுப்பான். தூரத்துப் பரணிலிருந்து எதிர்ப்பாட்டு வரும். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் 'கவி' என்று சொல்லும் நாலடிக் காதற்பாட்டு வளர்ந்த இடங்களில் அந்தப் பரணும் ஒன்று.

ஆனால் அது பிறந்த இடம் வீடு. இங்கே குடி தாய்வழியாக வரும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மாமி மகளும் மாமா மகனும் முறைகாரர். முறையுள்ள மச்சியை மச்சான் விரும்புவதில் குற்றமில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வழியில்லை. அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த பெண் வீட்டுக்குள்ளே இருப்பாள். ஆசைப்படலாம், வாய் திறக்கக் கூடாது என்ற இந்த நெருக்கடிதான் கவியைப் பெற்றது. அதனால்தான் கவிகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மச்சானும் மச்சியுமாகவே இருக்கிறார்கள்.

அவர்கள் பேச்சில் பூச்சு இல்லை. மார்பும் இடையும் வரும், இரவில் வேலியோரம் காத்திருப்பது வரும், கைவிட்டவனுக்குச் சாபமும் வரும். அதே வாயில் அல்லாஹ்வின் மேல் ஆணையும் வரும். பாடியவர்களுக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. அதற்கு முன்னோடியும் உண்டு. கஅப் இப்னு ஸுஹைர் நபிகளார் முன்னிலையில் பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்றதாக மரபு சொல்லும் கசீதா, சுஆத் என்ற பெண்ணின் அழகையும் பிரிவையும் பாடித்தான் தொடங்குகிறது. குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்துக்குக் 'கவிஞர்கள்' என்றே பெயர். அதில் கவிஞர்களுக்குக் கண்டிப்பும் உண்டு, ஈமான் கொண்டு நல்லமல் செய்வோருக்கு விலக்கும் உண்டு.

ஊரில் ஆலிம்கள் இருந்தார்கள், பள்ளி மரைக்காயர்கள் இருந்தார்கள். ஆனாலும் கவியைப் பிடித்து விசாரிப்பது கடினம். ஏனென்றால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. பாடியவனைக் கேட்டால் முன்னோர் பாடியது என்று நழுவிவிடலாம். பெண் குரலில் ஏராளமான கவிகள் உண்டு. கட்டியது பெண்ணா, பெண்ணாக நின்று பாடிய ஆணா என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு குமரின் பெயர் கெடவில்லை, ஒரு கலியாணம் குழம்பவில்லை. ஒழுக்கத்துக்கும் ஆசைக்கும் இடையில் எழுதப்படாத உடன்பாடு ஒன்று இப்படித்தான் நின்றது.

கவி அடங்கிப்போன பழியை மார்க்கத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வயலில் தங்கும் நாட்கள் சுருங்கின. 1985க்குப் பின் தமிழர் முஸ்லிம் உறவு முறிந்து, 1990இன் படுகொலைகளும் நடந்தபோது, மேற்கே உள்ள வயலுக்குப் பகலில் போவதே உயிர்ப் பயமாயிற்று. இரவுக் காவலில் பாட்டு எங்கே? இதனோடு தப்லீக், தௌஹீத் என்ற மார்க்க இயக்கங்களும் ஊருக்குள் வலுத்தன. இறைநேசர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நடக்கும் கொடியேற்றத்தையே கூடாது என்று சொல்லும் குரல்கள் எழுந்த காலத்தில், காதற் கவிக்கு யார் பரிந்து பேசுவார்?

பரிந்தவர்கள் ஏட்டோடு வந்தார்கள். வி. சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்து, இந்த மண்ணின் நாட்டுப் பாடல்களைப் படித்தவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தது. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்தார். 2013இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற தலைப்பில் கிழக்கிலங்கைக் காதற் பாடல்களின் தொகுப்பு ஒன்றைக் க்ரியா வெளியிட்டது. தொகுத்தவர் சாய்ந்தமருதில் பிறந்த கவிஞர் அனார்.

இந்த இடத்தில்தான் கவியின் கதை இன்றைய கதையாகிறது. அனார் 'உடல் பச்சை வானம்' என்று தொகுதிக்குப் பெயர் வைத்தவர். பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் கடலும் மழையுமாக எழுதுகிறவர். பரணிலிருந்து எழுந்த ஆசைதான் அதுவும். ஒரு வேறுபாடு: புனைபெயரானாலும் அட்டையில் பெயர் இருக்கிறது. பெயர் வந்தவுடன், எழுதியது அவள் வாழ்க்கையா, யாரை நினைத்து எழுதினாள் என்ற கேள்விகளும் வந்துவிடுகின்றன. பெண் பெயரோடு பேசினால் எவ்வளவு விலை கொடுக்கவேண்டும் என்பதைப் பக்கத்து மாவட்டத்து ஏறாவூரில் பார்த்தோம். பாலியல் தொழில் பற்றி 2012இல் பிபிசி தமிழோசையில் சொன்ன கருத்துக்காக, எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் மிரட்டல்களுக்கு ஆளாகி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

ஆகவே கலை என்றால் எல்லாம் ஆகும், மார்க்கம் என்றால் எதுவும் ஆகாது என்று இந்த வழக்கை எழுதுவது பிழை. இந்தக் கரையில் மார்க்கமும் காதற் கவியும் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தன. பெண்ணுக்குப் பெயர் இல்லாதவரை. அனார் பெயரில்லாதவர்களின் கவிகளைத் திரட்டினார், தம் கவிதைகளுக்குத் தம் பெயரையும் போட்டார். இரண்டும் அருகருகே அச்சில் வந்தபின், பெண் ஆசையை எழுதுவது நம் வழக்கத்தில் இல்லாதது என்று எவரும் சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அதற்கும் தம் பெயரைப் போட்டுத்தான் சொல்லவேண்டும்.