எழுபது கிலோ பெட்டி பறந்து வந்த கதை



போன நோன்பில் தராவீஹ் முடிந்து வந்த ஒருவர் பள்ளிவாசல் முன்னால் சுருண்டு விழுந்தது பலருக்கும் ஞாபகமிருக்கும். விசிறினோம், தண்ணீர் தெளித்தோம், ஓட்டோ தேடி ஓடினோம். நெஞ்சில் கை வைத்து அழுத்த ஒருவரும் முன்வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் முதலுதவி படித்த நானும்தான். அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன்.

இப்படித் திடீரென விழுபவர்களில் பலருக்கு இதயம் உடனே முழுதாக நிற்பதில்லை. ஒழுங்கு தப்பி வெறுமனே நடுங்குகிறது. மின் அதிர்ச்சி கொடுத்தால் அது மீண்டும் ஒழுங்காகத் துடிக்கக்கூடும். 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டொக்டர் குளோட் பெக், சத்திரசிகிச்சையின்போது 14 வயதுப் பையனின் திறந்த நெஞ்சுக்குள் இதைச் செய்து காப்பாற்றினார். 1956இல் போல் சோல் நெஞ்சைத் திறக்காமலே செய்து காட்டினார். ஆனால் கருவி ஆஸ்பத்திரியில், நோயாளி வீட்டில்!

இந்த இடைவெளி பெல்பாஸ்ட் நகரத்து டொக்டர் ஃபிராங்க் பன்ட்ரிட்ஜை உறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்து உயிர் தப்பியவர் அவர். மாரடைப்பில் இறப்பவர்களில் பலர் ஆஸ்பத்திரி வருமுன்பே இறப்பதைக் கண்டு, கருவியைக் கார் பெற்றரியில் இயங்க வைத்து அம்புலன்ஸில் ஏற்றினார். எடை கிட்டத்தட்ட 70 கிலோ. 1966இல் அந்த வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு கருவி சிறுத்தது, பேசவும் பழகியது. இன்றைய ஏ.ஈ.டி. எங்கே ஒட்டுவது என்று குரலில் சொல்லித் தரும். அதிர்ச்சி தேவையில்லை என்றால் நாம் பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது.

அழுத்துவாரில்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 வீதம் வரை குறைக்கிறது. அதனால்தான் சுவீடன்காரர்கள் ட்ரோனில் அனுப்பிப் பார்த்தார்கள். ஸ்டொக்ஹோமுக்கு வடக்கே நோர்டெல்யே பகுதியில் நடந்த 18 பரீட்சார்த்தப் பறப்புகளில் ட்ரோனுக்கு எடுத்தது நடுமட்டமாக 5 நிமிடம் 21 செக்கன், அம்புலன்ஸுக்கு 22 நிமிடம். 2021 டிசம்பரில் டிரொல்ஹெத்தானில் வீட்டு முன்னால் பனி அள்ளிக்கொண்டிருந்த 71 வயதுக்காரர் விழுந்தார். மூன்று நிமிடம் சொச்சத்தில் ட்ரோன் வந்து கயிற்றில் கருவியை இறக்கியது. அவர் பிழைத்தார். ஆனால் அதற்கு முன்பே, அவ்வழியே காரில் போன ஒரு டொக்டர் இறங்கி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

என்னை உலுக்கியது அடுத்த ஆய்வு. உண்மையாகவே இதயம் நின்ற 18 பேரிடம் ட்ரோன் அம்புலன்ஸை முந்திப் போயிருக்கிறது. அங்கிருந்தவர்கள் கருவியை எடுத்து ஒட்டியது 6 பேருக்குத்தான். மற்ற 12 பேருக்குப் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறேன். பள்ளிவாசல் முன்னால் நாங்கள் நின்ற நிலைதான் கண்ணில் வருகிறது.

நம்மூருக்கு ட்ரோன் எப்போது வருமோ தெரியாது. 1990க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அழுத்தக் கை வேண்டும். நெஞ்சின் நடுவே, 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலையணையில் பழக்கினேன். முதலில் சிரித்தார்கள், இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்து சத்தமே இல்லை.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பெரியவர்களுக்கும் பழக்கப் போகிறோம். பெண்களுக்கு வேறாக, ஆசிரியை ஒருவர் சொல்லித் தருவார். வரும்போது கொஞ்சம் கட்டியான தலையணை ஒன்று கொண்டு வாங்க.