பேரேட்டிலிருந்து யு.பி.ஐ. வரை: விருதுநகர் – சிவகாசி வட்டாரமும் வங்கித் திட்டங்களின் வரலாறும்

முன்னுரை

புதிய தொழில்நுட்பத்தால் வங்கிச் சேவை விரைவானது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அத்தொழில்நுட்பத்தை வங்கிக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தும் வேலையும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. திட்டம் ஒரு கிளைக்குள் அடங்கிய காலம் போய், முதலில் வங்கி முழுமைக்கும், பின்னர் நாடளாவிய வலையமைப்புக்கும் விரிந்தது. கருவியை நிறுவும் பாடு குறைந்தது. சரிபார்க்கும் பாடு கூடியது. பருவத்தை நம்பி வாழும் ஒரு வணிக வட்டாரத்தை முன்வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கைக்கணக்குக் காலம்

1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1947இல் அதற்கிருந்த கிளைகள் தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் ஆகிய நான்கே. அவற்றில் இரண்டு இவ்வட்டாரத்தில் அமைந்ததற்குக் காரணம் வணிகம். விருதுநகரில் பருத்தியும் வத்தலும் எண்ணெயும் கைமாறின. சிவகாசியில், கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழிலைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் தழைத்தன.

வெளியூர் விற்பனைக்கு வங்கியே பாலம். சரக்கை லாரியில் ஏற்றியதும் பட்டியலும் லாரி ரசீதும் உள்ளூர்க் கிளை வழியாக, வாங்குபவர் ஊரிலுள்ள வங்கிக்குத் தபாலில் போகும். அவர் அங்கே பணம் கட்டிய பிறகே ரசீது கைக்கு வரும். ரசீதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். வசூலான தொகை இங்கு வரவாக மேலும் சில நாள்கள் ஆகும். இம்முறையில் எதையேனும் திருத்த வேண்டுமானால் மேலாளரும் கணக்கரும் கூடிப் பேசினால் போதும். பிழை நேர்ந்தாலும் அன்று மாலை பேரேட்டை ஒப்பிடும்போது பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

2. கிளைக்குள் கணினி

1983இல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் இயந்திரமயத்துக்கு வரையறையோடு வழிவிட்டது. சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984இலும் 1989இலும் அளித்த அறிக்கைகள் கணினிமயத்துக்குப் பாதை வகுத்தன. அப்போது திட்டத்தின் அலகு கிளைதான். பேரேட்டு நிலுவைகளைக் கணினியில் ஏற்றி, சிறிது காலம் இரண்டு கணக்கையும் சேர்த்தே எழுதி, இரண்டும் பொருந்திய பிறகு பேரேட்டை மூடினார்கள். வேலை இரட்டிப்பானாலும், ஒரு கிளையில் கற்ற பாடம் அடுத்த கிளைக்குப் பயன்பட்டது.

3. வங்கி முழுவதும் ஒரே கணக்கு

கோர் பேங்கிங் இவ்வொழுங்கை மாற்றியது. கணக்குகள் மைய சர்வருக்குப் போயின. வாடிக்கையாளர் கிளையின் ஆள் என்பதிலிருந்து வங்கியின் ஆள் ஆனார். வங்கிகளுக்கிடையே மின்னணு முறையில் பணம் அனுப்ப 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் நெஃப்ட், 2011இல் சென்னையை மையமாகக் கொண்டு, காசோலைக்குப் பதில் அதன் படத்தை அனுப்பும் காசோலைப் படிமத் தீர்வு என அடுத்தடுத்து வந்தன. டெல்லி வணிகர் அனுப்பும் பணம் அன்றே சிவகாசிக்கு வந்து சேரும் நிலை உருவானது. ஆனால் மென்பொருளை மாற்றும் முடிவும் நாளும் தலைமையகத்தின் கைக்குப் போயின. தீபாவளியையொட்டிப் பட்டாசு வட்டாரத்தில் வரவு குவிவதும், சனிக்கிழமைதோறும் தொழிலாளர் கூலிக்குப் பணம் தேவைப்படுவதும் கிளை ஊழியருக்கு அத்துப்படி. தொலைவிலிருக்கும் மென்பொருள் குழுவுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

4. முடிவில்லாத் திட்டம்

2016இல் வந்த, கைபேசிவழி உடனடிப் பணப் பரிமாற்ற முறையான யு.பி.ஐ. நள்ளிரவிலும் ஓடுவது. நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலும் நாள் முழுதும் இயங்கத் தொடங்கின. கணக்கை மூடிவைத்து மாற்றம் செய்யும் இரவு இனி எளிதில் கிடைப்பதில்லை. திட்டம் ஒருநாள் முடிகிற வேலையாக இல்லாமல், தொடர் பராமரிப்பாக ஆகிவிட்டது.

பிழையின் அளவும் கூடியது. 2023 செப்டம்பரில், இதே மெர்க்கன்டைல் வங்கியில் கணக்கு வைத்திருந்த சென்னை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் தவறாக வரவானது. நம்பாத அவர், உண்மையா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார்; போய்ச் சேர்ந்தது. மீதியை வங்கி விரைவிலேயே திரும்ப எடுத்துக்கொண்டது. பேரேட்டுக் காலத்தில் இத்தொகையை எழுதும் கை தானாகவே நின்றிருக்கும்.

ரிசர்வ் வங்கியின் அணுகுமுறையும் மாறியது. அடிக்கடி சேவை முடங்கியதால் 2020 டிசம்பரில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் புதிய டிஜிட்டல் அறிமுகங்களை நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பக் குறைபாடுகளுக்காக, இணையவழியில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாதெனக் கோட்டக் மகிந்திரா வங்கிக்குத் தடை விதித்தது. திட்டத்தைச் சரியாக நடத்தாத வங்கியின் வணிகமே தடைப்படும் என்பதை இவ்விரு நடவடிக்கைகளும் உணர்த்தின.

முடிவுரை

கிளைக் காலத்தில் தாமதமே பாதுகாப்பாகவும் இருந்தது: இரட்டைக் கணக்கும் மாலை ஒப்பீடும் பிழையை வடிகட்டின. விரைவுக்காக அத்தாமதத்தை நீக்கியபோது அந்த வடிகட்டியும் போய்விட்டது. அதை வேறு வடிவில் மீண்டும் அமைக்கும் பொறுப்பு திட்டத்தை நடத்துபவர்களுடையது. மாற்றங்களை முதலில் சில கிளைகளில் சோதிப்பது, தீபாவளிப் பருவத்தில் பெரிய மாற்றங்களைத் தவிர்ப்பது, சோதனையில் கிளை ஊழியரைச் சேர்ப்பது ஆகியவை அதற்கான நடைமுறை வழிகள். இவற்றுக்கு ஆகும் செலவை வீண்செலவாகக் கருதாமல் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.