துல்லியமும் திருத்தமும்

பிழையின்மையைக் குறித்தற்கு இக்காலத்துப் பெரிதும் வழங்குஞ் சொல் துல்லியம் என்பது. இது துல்ய என்னும் வடசொல்லின் தற்பவம். ஒப்பானது என்பதே அதன் முதற்பொருள். நிறைகோலை உணர்த்தும் துலா என்பதும் அவ்வேரினின்றே பிறந்தது. ஆகவே துல்லியம் என்றவழி, எதனோடு ஒப்பது என்னும் வினா உடனெழும். திருத்தம் என்னுந் தமிழ்ச்சொல்லோ பிழை நீக்குதலையும் பிழை நீங்கிய நிலையையும் ஒருங்கே உணர்த்தும். முன்னது ஒப்புமையை நோக்கிற்று. பின்னது செம்மையை நோக்கிற்று. இவ்விரண்டும் ஒருசேர வேண்டப்படும் தொழில் ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்து அச்சிடுதலாம்.

பனையோலையில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளியிட்டிலர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேற்றுமையின்றியே வரைந்தனர். கெடு என்பதும் கேடு என்பதும் ஏட்டில் ஒரு வடிவினவே. ஆதலின் எழுத்துக்கெழுத்து ஒப்பப் பெயர்த்தெழுதினும் சொல் ஐயத்தின்கண்ணே நிற்கும். அவ்வையத்தை அறுப்பது கற்றோர் செய்யுந் திருத்தம். எனினும், தாம் அறியாத அருஞ்சொல்லைப் பிழையெனக் கொண்டு அறிந்ததொரு சொல்லை அவ்விடத்து நிறுத்துவாராயின், அத்திருத்தமே நூற்குக் கேடாய் முடியும். அங்ஙனம் புகுந்த சொல் ஓசையும் பொருளும் இயைந்து நிற்றலின், பிழையென்று பின்வருவோர்க்குப் புலப்படாது.

இவ்விடரை நன்குணர்ந்து பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட அவர், 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியாரால் சீவகசிந்தாமணியை ஆராயத் தூண்டப்பெற்றார். சமண மரபுகளைத் தம் ஊகத்தால் துணிந்தமையாது, கும்பகோணத்திலிருந்த சமணரை அடுத்து வினவித் தெளிந்தார். பல ஊர்களினின்று பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கி, 1887-ல் அந்நூலை வெளியிட்டார்.

அவர் 1894-ல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய செய்யுட்கள் இல்லை; வேறு சில செய்யுட்களின் அடிகள் சிதைந்தவாறே நிற்கின்றன. 1904-ல் வந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. செய்யுள் இயற்ற வல்ல அவருக்குச் சிதைந்த அடிகளை இட்டு நிரப்புதல் அரிதன்று. நிரப்பியிருப்பின் நூல் திருத்தமுற்றதுபோலத் தோன்றும், மூலத்தோடு ஒப்பதாகாது. ஏட்டில் இல்லாததை இல்லையென்றே அவர் விட்டமையால், உள்ளதைக் கற்போர் ஐயமின்றிக் கற்கின்றனர்.